டோக்கியோ மணியில் பிறந்தவள்

1

போன ஞாயிற்றுக்கிழமை, நின்றுபோயிருந்த ஆபீஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற என் மகள் செல்லம், மணியை யார் வைக்கிறது என்று கேட்டாள். நான்தான் என்றேன். உங்களுக்கு யார் சொன்னது என்றாள். ரேடியோ என்றேன். ரேடியோவுக்கு யார் சொன்னது? சர்க்கார். சர்க்காருக்கு யார் சொன்னது? போய் விளையாடு என்று கத்திவிட்டேன். பிள்ளை முகம் சுண்டிப்போய் நடந்தாள்.

ஆறு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதே கேள்விதான் நாலு வருஷமாக எங்கள் வீட்டை ஆட்டி வைத்தது. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எரிச்சலோடுதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலவனத்தம் பக்கத்துக்காரன். அருப்புக்கோட்டையில் எட்டாவது வரை படித்துவிட்டு, கரிசலில் மழைக்காக அண்ணாந்து பார்க்கப் பிடிக்காமல் மலாயாவுக்குக் கப்பலேறினேன். இங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை. பால் எடுக்கப் போகிற ஆட்களை விடிவதற்கு முன்னே வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது என் வேலை. அதற்குப் பெரட்டு என்று பெயர். ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை நான் தட்டினால்தான் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அடுப்பு எரியும். அந்தத் தட்டுக்கு ஆதாரம் இந்தக் கடிகாரம். ஐந்து நிமிஷம் பிந்தினாலும் எனக்கு மனசு கேட்காது. ஊரில் இருந்தபோது நிழலை அடி அடியாக அளந்து பொழுது சொன்ன பரம்பரைதான் நானும். கடல் தாண்டியதும் நிமிஷத்துக்கு அடிமையாகிவிட்டேன்.

மகள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் பாலைச் சுசு என்கிறாள், சந்தையைப் பாசார் என்கிறாள். திருத்தினால், இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க என்கிறாள். எல்லாரும் சொல்வதுதான் சரி என்று ஆகிவிட்டால் அப்பன் என்ன பண்ண முடியும்?

2

ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரத் துரை ஒரு பெட்டியோடு காரில் ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நாளில் சைக்கிளில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். கூட ஒரு மொழிபெயர்ப்பாளன். அரிசி எவ்வளவு இருக்கிறது, ஆள் எத்தனை என்று கேட்பான் என்று பயந்து நின்றேன். அவன் நேராகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். தன் கையில் கட்டியிருந்ததைப் பார்த்தான். சுவரைக் காட்டி ஏதோ அதட்டினான். இனிமேல் டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி என்று மொழிபெயர்ப்பாளன் சொன்னான். நான் ஸ்டூலில் ஏறி முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அரிசியை மறுநாள்தான் எடுத்தார்கள்.

இதைப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு நாட்டைப் பிடித்தவன் முதல் வேலையாக ஏன் கடிகாரத்தில் கை வைக்கிறான்? துப்பாக்கியைக் காட்டினால் பயப்படுவோம், அவன் போனதும் மறந்துவிடுவோம். மணியை மாற்றினால் எழுந்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவனைக் கேட்டுத்தான் செய்கிறோம். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? தாசில்தார் ஜீப்பு வந்து நிற்கிற நேரம்தான் பத்து மணி. அதுவரை பத்து மணிக்கு வரச்சொன்ன ஜனமெல்லாம் வெயிலில் காய வேண்டியதுதான். சண்டைக் காலத்தில் அங்கேயும் வெள்ளைக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இரண்டு பக்கத்துக்காரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டாலும் இந்த விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

ரப்பர் மரத்துக்கு டோக்கியோ தெரியாது. விடியற்காலைக் குளிர்ச்சியில் வெட்டினால்தான் பால் வடியும். அதனால் ஐந்தரை மணிப் பெரட்டு ஏழு மணிப் பெரட்டு ஆனது. இருட்டு அதே இருட்டு, கொசு அதே கொசு. முதல் மாதம் எல்லாரும் மனசுக்குள் ஒன்றரை மணியைக் கழித்துக்கொண்டிருந்தோம். அப்புறம், போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். பட்டியல் எழுதியது என் போன்ற கிராணிகள்தான். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. உயிர் தப்பினால் போதும் என்றிருந்த நாளில் கழித்தல் கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? டோக்கியோ மணியே எங்களுக்கு மணியாகிவிட்டது.

அந்த நடுவில்தான் செல்லம் பிறந்தாள். மருத்துவச்சி குரல் கொடுத்ததும் நான் பெரட்டை அப்படியே விட்டுவிட்டு ஆபீசுக்குள் ஓடிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு மணி பத்து நிமிஷம். நோட்டில் குறித்துக்கொண்டேன். பதிவு ஆபீசில் கொடுத்த பிறப்புச் சீட்டிலும் அதுவே ஏறியது. வருஷத்தின் இடத்தில் ஜப்பான் கணக்குப்படி இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று என்று போட்டிருந்தான். அதைப் பார்த்துச் சிரித்தேன். நேரத்தைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை.

3

ஜப்பான்காரன் இருந்தவரை ஊரோடு கடிதப் போக்குவரத்து கிடையாது. சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், அதே ஸ்டூலில் ஏறி முள்ளைப் பழையபடி பின்னால் தள்ளினேன். தபால் ஓடத் தொடங்கிய வாரமே என் அய்யாவுக்கு எழுதினேன். உயிரோடு இருக்கிறோம், பெண் பிறந்திருக்கிறது, இன்ன தேதி, காலை ஏழு மணி பத்து நிமிஷம்.

இரண்டு தடவை முள்ளை என் கையாலேயே தள்ளியவன் நான். இருந்தும் அந்தக் கடிதத்தில் டோக்கியோ மணி என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மறதி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மறதிதான். ஐந்து நிமிஷத்துக்கு ஆட்களைத் திட்டுகிறவன் ஒன்றரை மணி நேரத்தைக் கோட்டைவிட்டேன்.

அய்யா அருப்புக்கோட்டை ஜோசியரிடம் போனார். அவர் கெட்டிக்காரர். மலாயா நமக்கு இரண்டு மணி நேரம் முந்தி என்று தெரிந்து, அதைக் கழித்துத்தான் ஜாதகம் கணித்தார். கழிக்க வேண்டிய இன்னொரு ஒன்றரை மணி அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு நம் ஊரில் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கார்த்திகை முடிந்து ரோகிணி தொடங்கியிருக்கிறது. என் மகள் கார்த்திகையில் பிறந்தவள். ஜாதகத்தில் அவளை ரோகிணியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

ரோகிணி என்றால் எங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். தாய்மாமனுக்கு ஆகாது.

என் மனைவி சீனியம்மாளுக்குத் திருச்சுழிக்குத் தெற்கே ஊர். அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் பேதியில் போய்விட்டார்கள். அண்ணன் குருசாமிதான் அவளைத் தோளில் போட்டு வளர்த்தார். தனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களை எல்லாம் தங்கச்சிக்கு முடியட்டும் என்று திருப்பி அனுப்பியவர். அவரிடமிருந்து கடிதம் வந்தது. அவருக்கும் எழுதத் தெரியாது, சீனிக்கும் வாசிக்கத் தெரியாது. அங்கே தபால்காரர் எழுத, இங்கே நான் வாசிக்க வேண்டும். பிள்ளைக்கு ரோகிணி என்கிறார்கள், ஆகையால் இப்போது அழைத்து வரவேண்டாம், நீ மட்டும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று இருந்தது. நான் வாசித்து முடித்ததும் சீனி கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப எம் பிள்ளைக்கு யாரு மடியில வச்சுக் காது குத்துறது?" என்றாள்.

அதுதான் விஷயம். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எங்கள் வழக்கத்தில் இல்லை. பெரியப்பன் மடி, சித்தப்பன் மடி என்று பேசிப் பார்த்தேன். அண்ணன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தர் மடியா என்று அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். பிள்ளைக்கு மூன்று வயது, நாலு வயது, ஐந்து வயது ஆனது. காது மூளியாகவே இருந்தது. குழாயடியில் பெண்கள் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், யாராவது செத்துப்போனால் இழவு வீட்டில்கூடக் கேட்டார்கள். சீனி தண்ணீர் எடுக்கவே ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள்.

ரோகிணிக்கு ஒரு சுலபமான பரிகாரமும் உண்டு. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் பிள்ளை முகத்தை மாமன் முதலில் பார்த்துவிட்டால் தோஷம் கழிந்தது. அவ்வளவுதான், ஒரு கிண்ணம் எண்ணெய். இதை இரண்டு கடிதத்தில் எழுதினேன். மழையைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் பதில் வந்ததே தவிர எண்ணெயைப் பற்றி ஒரு வரி வரவில்லை. இந்த ஆளுக்கு இத்தனை உயிர்ப்பயமா என்று எனக்குக் கோபம் வந்தது. மச்சான்மேல் வந்த கோபத்தைச் சீனிமேல் காட்டினேன். அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

4

ஜாதகத்தில் பிழை இருக்கிறது என்று எனக்கு உறைத்ததே ஒரு வருஷம் கழித்துத்தான். அதுவும் சீனியால். ரோகிணி ரோகிணி என்கிறார்களே, பிள்ளை பிறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்ததே, கோழிகூடக் கூப்பிடவில்லையே, ஏழு மணிக்கு எந்த ஊரில் இருட்டாக இருக்கும் என்று அவள் பாட்டுக்குப் புலம்பினாள். சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றே அய்யாவுக்கு எழுதினேன். அவர் ஜோசியரைக் கேட்டு எழுதினார்: மணி தப்பு என்று இப்போது சொன்னால் எப்படி, அந்த நாளில் கடிகாரம் மாறி இருந்ததற்குச் சர்க்கார் சீட்டு ஏதாவது இருந்தால் அனுப்பு. தகப்பன் கேட்கிற நியாயம்தான். மகளுக்கு நல்ல நட்சத்திரம் வேண்டுமென்று மணியை மாற்றிச் சொல்கிறவர்கள் ஊரில் இல்லையா என்ன?

சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் போனேன். பதிவு ஆபீசில் ஒரு குமாஸ்தா. ஜப்பான்காரன் காலத்தில் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருந்தன என்று ஒரு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அது எல்லாருக்கும் தெரியுமே என்றார். தெரிந்ததைத்தானே எழுதச் சொல்கிறேன் என்றேன். எல்லாருக்கும் தெரிந்ததற்குச் சீட்டு கொடுக்கிற வழக்கமில்லை என்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவரிடம் அனுப்பினார். அவர் வேறு விதமாகச் சொன்னார். ஜப்பான்காரன் ஆட்சி சட்டப்படி ஆட்சியே இல்லை, அவன் வைத்த மணி மணியே இல்லை, இல்லாத மணிக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

இல்லாத மணியில் மூன்றரை வருஷம் நாங்கள் எழுந்தோம், உழைத்தோம், செத்தோம். சொல்லத்தான் நினைத்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது தடவை போனபோது இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார்கள். ஜப்பான் சீட்டைக் கொடுத்துவிட்டுப் புதுச் சீட்டு வாங்கிக்கொள். விண்ணப்பம் எழுதி, இரண்டு சாட்சி பிடித்து, ஏழு வாரம் காத்திருந்தேன். புதுச் சீட்டு வந்தது. வருஷத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று என்று ஒழுங்காகத் திருத்தியிருந்தார்கள். பிறந்த நேரம் என்ற இடத்தில் பழைய சீட்டைப் பார்த்துக் காலை ஏழு மணி பத்து நிமிஷம் என்று அப்படியே எழுதி, மேலே ராஜா முத்திரை குத்தியிருந்தார்கள். இதுவரை ஜப்பான்காரன் சொன்ன தப்பு, இப்போது வெள்ளைக்காரனும் சொல்கிற தப்பாகிவிட்டது. ஆபீஸ் வாசலில் நின்று அந்தச் சீட்டைக் கிழிக்கப் போனேன். அது இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று நினைவு வந்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

5

வழி திறந்தது ஒரு மளிகைக் கடையில். தோட்டத்து வாசலில் கடை வைத்திருக்கும் காதர் பாய்க்கு வீரசோழன் சொந்த ஊர். நம் பக்கத்து மனுஷர், நம் பேச்சு. சீட்டைக் காட்டி அவரிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"கிராணியாரே, மணிய மாத்துனது ஒங்களுக்கு. நான் அல்லாவுக்கு மானத்தப் பாத்துல்ல தொழுதேன்," என்றார். "ஒங்க மக பொறந்த அன்னைக்குச் சுபுஹுத் தொழுகைக்கு முசல்லா விரிச்சேன், பிள்ளை அழுகைச் சத்தம் கேட்டுச்சு. கெழக்குல அப்பத்தான் லேசா வெளுப்புத் தட்டுச்சு."

தொழுகைப் பாயை விரித்த நேரம் அவருக்கு நினைவிருக்கிறது. சுபுஹு என்கிற விடியற்காலைத் தொழுகைக்கு நேரம் சொல்வது வானம். எந்த அதிகாரியும் ஸ்டூலில் ஏறி அதைத் தள்ளமுடியாது. அந்த மூன்றரை வருஷமும் இந்தத் தோட்டத்தில் உண்மையான நேரம் தெரிந்திருந்தவர் அவர் ஒருத்தர்தான் என்று எனக்கு அப்போது பட்டது.

அடுத்த கப்பலில் பாய் ஊருக்குப் போனார். போன கையோடு வீரசோழனிலிருந்து பஸ் பிடித்து அருப்புக்கோட்டை வந்து, என் அய்யாவையும் கூட்டிக்கொண்டு ஜோசியர் வீட்டுக்குப் போயிருக்கிறார். சர்க்கார் முத்திரையை ஒருபுறம் தள்ளிவைத்துவிட்டு, பாய் சொன்ன சுபுஹு நேரத்தை வைத்து ஜோசியர் மறுபடி கணித்தார். கார்த்திகை. சந்தேகமே இல்லை. பாய் அத்தோடு விடவில்லை. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் நடந்தே போய், குருசாமி மச்சானிடம் புது ஜாதகத்தைக் கொடுத்து, நாலு பேர் நடுவில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

கடிதம் வந்த அன்று சீனி அழுதாள், சிரித்தாள், அரிசியைக் குழைய விட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு சாம்ராஜ்ஜியம் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டேன் என்று நினைப்பு. ஆறு மாதத்தில் வருகிறோம், நீங்கள்தான் மடியில் வைத்துக் காது குத்தவேண்டும் என்று மச்சானுக்கு நானே எழுதினேன். வேறு சாக்குக்கு இனி இடமில்லை என்பது போல ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

6

ஒன்பது வருஷம் கழித்து ஊருக்குப் போனோம். ரயிலை விட்டு இறங்கி அருப்புக்கோட்டைப் பஸ்ஸில் உட்கார்ந்தால், செல்லம் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, இங்கே மரம் எல்லாம் எங்கே போச்சு என்று கேட்டாள். எங்கேயும் போகவில்லை, முதலிலிருந்தே இல்லை என்றேன். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூன்று வருஷமாக மழை பொய்த்துவிட்டதாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை. காதுகுத்துக்கு ஆசாரி எத்தனை மணிக்கு வருவார் என்பதே என் கவலையாக இருந்தது.

பாலவனத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயில். சொன்ன நேரத்துக்கு மேளச் சத்தம் கேட்டது. குருசாமி மச்சான் சீர் கொண்டு வந்தார். தாம்பாளம் தாம்பாளமாகத் தேங்காய், பழம், வெல்லம். சீனிக்குப் பட்டுச் சேலை, எனக்கு வேட்டி துண்டு, பிள்ளைக்குப் பாவாடை, தங்கத் தோடு. கூட ஒரு கிடா. ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டுப் பார்த்தார்கள். மச்சான் நான் விட்டுவந்த ஆளில் பாதியாக இருந்தார். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சீனி ஓடிப்போய் அவர் காலில் விழுந்தாள். அவர் அவளைத் தூக்கவே இல்லை, அப்படியே குனிந்து அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் செல்லத்தை மடியில் உட்கார வைத்தார். ஊசி இறங்கியதும் பிள்ளை மலாயும் தமிழும் கலந்து கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் தன் தோளில் கிடந்த துண்டால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார். சீனியின் முகத்தை நான் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவளை அப்படிப் பார்த்ததில்லை. எல்லாம் நான் மணியைத் திருத்தியதால் வந்தது என்று எனக்குப் பெருமை பொங்கியது.

7

நாலாம் நாள் மச்சானுக்கு விருந்து சொல்ல நான் மட்டும் அவர் ஊருக்குப் போனேன். திருச்சுழியில் இறங்கி வெயிலில் நடை. அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து தொழுவத்துப் பக்கம் போனேன். இரண்டு மாடு கட்டியிருந்த இடம் சும்மா கிடந்தது.

மாடு எங்கே மச்சான் என்றேன். மேயப் போயிருக்கிறது என்றார்.

அந்த வெயிலில், ஒரு பச்சை இல்லாத காட்டில், எது மேயும்? சுவரில் அடித்திருந்த முளையைப் பார்த்தேன். இரண்டு கயிறும் சுருட்டி மாட்டியிருந்தது. மாட்டை விற்றால் கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு மாட்டைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேயப் போன மாட்டின் கயிறு வீட்டில் தொங்காது. நான் கயிற்றைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

அப்புறம் அவரே தொடங்கினார். சண்டைக் காலத்திலேயே பருத்தி போய்விட்டது, அதற்குப் பிறகு விதைத்தது எதுவும் வீடு வந்து சேரவில்லை. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்றால் வெறுங்கையோடு வந்து மடி கொடுக்க முடியுமா? கையில் காசில்லை என்று ஊரில் சொல்ல முடியுமா? கடிதத்தில் சொல்லலாம் என்றால் எழுதுகிறவர் தபால்காரர், அவர் எழுதினால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரியும். அப்போதுதான் ரோகிணி வந்து சேர்ந்தது.

"நட்சத்திரத்து மேல போட்டு நாலு வருசம் மானத்தோட இருந்தேன், மாப்ளே," என்றார். "எண்ணெயில முகம் பாத்தாத் தீந்துச்சுன்னு எழுதுனீக. பாத்தா வரணுமில்ல. வந்தா சீரோட வரணுமில்ல. பாய் வந்து நாலு பேரு முன்னால கார்த்திகைன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு."

மாட்டை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவர் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சிக்குச் செஞ்ச சீர அவ புருசங்கிட்டயே திருப்பி வாங்குனா, அது சீரா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "சீனிகிட்டச் சொல்லிராதீக," என்றார்.

திரும்பி நடந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மணியைத் தள்ளியவன்மேலா, முத்திரை குத்தியவன்மேலா? அவர்களால் மச்சானுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அவர்கள் செய்த தப்பு அவருக்கு நிழலாக இருந்தது. சரியான நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அந்த நிழலைப் பிடுங்கியவன் நான். கடல் தாண்டி, சட்டை போட்டு, கடிதம் எழுதத் தெரிந்தவன். என் கடிதத்துக்கு மறுப்பு எழுத எழுத்துத் தெரியாத மனுஷரை, சாக்கு சொல்லாதே என்று மிரட்டியிருக்கிறேன். சுவரைக் காட்டி அதட்டிய ஜப்பான்காரனும் அதைத்தானே செய்தான்.

மலாயா வந்து மூன்று மாதம் ஆகிறது. சீனி இப்போது கூட்டமாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் தண்ணீர் எடுக்கப் போகிறாள். பட்டுச் சேலையைப் பற்றியும் தோட்டைப் பற்றியும் மேளத்தைப் பற்றியும் அவள் சொல்லாத ஆள் இந்த லயத்தில் பாக்கியில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு நிறைவு. ஊரில் மழை பெய்ததாக இன்னும் கடிதம் வரவில்லை.

நேற்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "எங்க அண்ணனுக்கு என்ன குறை? அந்தப் பாழாப்போன ஜாதகம் மட்டும் குறுக்க நிக்கலைன்னா, அப்பவே ஓடி வந்து செஞ்சிருப்பாக. இல்லையாங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.